கிரேடு 2 கொழுப்புக் கல்லீரல், சர்க்கரையும் உண்டு: முதலில் எதைப் பார்ப்பது?

44 வயது அண்ணனுக்கு ஸ்கேனில் கிரேடு 2, மூன்று மாதச் சர்க்கரை 8.1, கல்லீரலுக்கு ஒன்று, சுகருக்கு ஒன்று என்று தனித்தனி வைத்தியமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் தம்பி, இரண்டும் பின்னிக் கிடப்பவை. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேட்காது. ராத்திரி முழுக்க ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். அண்ணன் இரவு இரண்டே இட்லி சாப்பிட்டும் காலையில் 170 காட்டுவது அதனால்தான்.

2011-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் குழு, சர்க்கரை உள்ள 11 பேருக்கு நாளுக்கு 600 கலோரி மட்டும் கொடுத்தது. ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு சுமார் 30 சதவீதம் இறங்கியது, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இயல்புக்கு வந்தது. 2017-இல் வெளியான, உணவைக் குறைத்து எடையைக் குறைக்கும் டைரக்ட் ஆய்வில், 15 கிலோவுக்கு மேல் இளைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு ஓராண்டில் மாத்திரையே தேவைப்படவில்லை. சர்க்கரை வந்து 6 ஆண்டுக்குள் இருந்தவர்கள் அவர்கள். அண்ணனுக்கு 2 ஆண்டுதான் என்பது நல்ல செய்தி.

ஆனால் நீங்களாகப் பட்டினி போட்டுவிடாதீர்கள். அவர் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை எடுக்கிறார், சாப்பாடு குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடுவார். டாக்டர் டோஸை மாற்றிய பிறகே தொடங்குங்கள்.

ஸ்கேன் கிரேடு கொழுப்பைத்தான் சொல்லும், கல்லீரலில் விழுந்த தழும்பைச் சொல்லாது. நீங்கள் எழுதிய கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி 52, எஸ்ஜிபிடி 78, பிளேட்லெட் 2.4 லட்சம், அவர் வயது இவற்றை வைத்து, தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: 1.08. 1.3-க்குக் கீழ் என்பதால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு குறைவு. டாக்டரிடமும் காட்டிக் கேளுங்கள்.