ஹெட்டருக்கு மேலே இடம் விட்டது யார்? ஐஓஎஸ் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஆப்பில் பட்டியல் காட்டும் டேபிள் வியூவில் செக்‌ஷன் ஹெட்டர் (ஒவ்வொரு பகுதிக்கும் மேலே வரும் தலைப்பு) உயரம் 40 கொடுத்தேன். பழைய போனில் சரியாக வருகிறது. புதியதில் மேலே ஒரு பட்டை வெற்றிடம். ஏன்?

பதில்: ஐஓஎஸ் 15இல், அதாவது 2021இல், ஆப்பிள் செய்த வேலை. ‘செக்‌ஷன் ஹெட்டர் டாப் பேடிங்’ என்று ஒரு ப்ராப்பர்ட்டி வந்தது. தொடாமல் விட்டால் ப்ளெயின் (சாதாரண) ஸ்டைல் டேபிளில் ஹெட்டருக்கு மேலே தானாக இடம் விடும். உங்கள் 40 அப்படியேதான் இருக்கிறது, அதன் தலைக்கு மேலேதான் இந்தக் கூடுதல். பூஜ்யம் வையுங்கள். பழைய பதிப்புகளையும் ஆதரிப்பதாக இருந்தால் அவைலபிள் சோதனைக்குள் (போனில் ஐஓஎஸ் 15 இருக்கிறதா என்று பார்க்கும் நிபந்தனை) எழுதுங்கள், இல்லாவிட்டால் கம்பைலர் விடாது.

கேள்வி: பகுதிகளைத் தனித்தனித் தொகுதியாகக் காட்டும் க்ரூப்ட் ஸ்டைலில் ஹெட்டர் உயரமாக 0 திருப்பி அனுப்பியும் இடைவெளி போகவில்லை.

பதில்: அங்கே 0 என்றால் ‘நீயே பார்த்து வை’ என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்யத்துக்கு மிக அருகிலுள்ள எண்ணான லீஸ்ட் நார்மல் மேக்னிட்யூட் கொடுங்கள். பகுதியின் அடியில் வரும் ஃபூட்டருக்கும் அதையே கொடுங்கள். ஹெட்டரைத் திட்டிக்கொண்டே இருப்போம், பாதி இடைவெளி முந்தைய செக்‌ஷனின் ஃபூட்டருடையதாக இருக்கும்.

கேள்வி: ஆண்ட்ராய்டில் பட்டியல் காட்டும் ரீசைக்ளர் வியூவில் எப்படி?

பதில்: அதில் செக்‌ஷன் என்றே ஒன்று கிடையாது. ஹெட்டரும் இன்னொரு வியூ டைப்தான். உயரத்தை அதன் லேஅவுட்டில் வையுங்கள். மற்றதை ஆண்ட்ராய்டுக்காரர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: உயரம் 28. ஆங்கிலத்தில் அழகாக இருக்கிறது, தமிழில் எழுத்து வெட்டுப்படுகிறது.

பதில்: எத்தனை முறை சொன்னாலும் அலுக்காத விஷயம் இது: உயரத்தை எண்ணாக அடிக்காதீர்கள். என் சமையல் ஆப்பில் ‘புளிக்குழம்பு வகைகள்’ என்று ஒரு ஹெட்டர் இருந்தது. என் அம்மா போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பார். அவர் திரையில் ‘ளி’யின் மேல் வளைவும் இல்லை, ‘பு’வின் கீழ்க்கோடும் இல்லை. ‘குழம்பு’ ‘குழம்ப’ மாதிரி தெரிந்தது. உள்ளடக்கத்தைப் பார்த்து உயரத்தைத் தானே கணக்கிடும் ஆட்டோமேட்டிக் டைமென்ஷன் வையுங்கள், லேபிளின் வரி எண்ணிக்கையை 0 (வரம்பில்லை) ஆக்குங்கள், கன்டென்ட் வியூவின் மேல் கீழ் இரண்டு விளிம்புகளிலும் கட்டுங்கள். கீழ் விளிம்பை மறந்தால் உயரம் கணக்காகாது.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆட்டோமேட்டிக் வைத்தால் ஸ்க்ரோல் குதிக்கிறது. நிலையான உயரமே மேல்.

பதில்: எஸ்டிமேட், அதாவது உத்தேச உயரம், எவ்வளவு கொடுத்தீர்கள்?

கேள்வி: 10. ஹெட்டர் கிட்டத்தட்ட 50 வரும்.

பதில்: பிறகு குதிக்காமல் என்ன செய்யும்? உண்மைக்குப் பக்கத்தில் ஒரு எண் கொடுங்கள்.

கேள்வி: ஹெட்டர் எல்லாமே ஒரே வரி என்றால் எதற்கு இந்தக் கணக்கு?

பதில்: சரி, அதில் நியாயம் இருக்கிறது. ஒரே வரிதான் என்று உறுதியென்றால் ஃபான்ட் மெட்ரிக்ஸிடம் 28ஐக் கொடுத்து, பயனரின் எழுத்தளவுக்கு ஏற்ற எண்ணை வாங்கி அதையே திருப்பி அனுப்பலாம். ஆனால் தமிழ்த் தலைப்பு ஒரே வரியில் அடங்கும் என்று எனக்கு உறுதி கொடுக்காதீர்கள். ‘செட்டிங்ஸ்’ என்பதையே ‘அமைப்பு விருப்பங்கள்’ என்று மொழிபெயர்த்து வைப்பார்கள்.

கேள்வி: ஆப்பிளின் இன்னொரு திரை வடிவமைப்புக் கருவியான ஸ்விஃப்ட்யுஐயின் லிஸ்ட்டில் ஹெட்டர் உயரம் எப்படி வைப்பது?

பதில்: என்விரான்மென்ட்டில் (வியூக்களுக்குப் பொதுவான அமைப்புகள்) டிஃபால்ட் மின் லிஸ்ட் ஹெட்டர் ஹைட், அதாவது குறைந்தபட்ச உயரம், வையுங்கள். செக்‌ஷன்களுக்கு இடையிலான தூரம் வேறு, அதற்கு ஐஓஎஸ் 17இல் லிஸ்ட் செக்‌ஷன் ஸ்பேசிங் வந்தது.

கேள்வி: க்ரூப்டில் 0 கொடுத்தும்…

பதில்: மேலே. ஃபூட்டரையும் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, புது போனில் மட்டும் ஹெட்டருக்கு மேலே வெற்றிடம் வருகிறது…

பதில்: முதல் கேள்வி, முதல் பதில். நான் டீ குடித்துவிட்டு வருகிறேன்.