மெஷின் வேண்டாம், மகன் வீட்டில்தான் இருக்கிறான் என்று சொல்லுங்கள்

கேள்வி: என் இளைய மகனுக்கு 22 வயது. இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்தில் படிப்பை விட்டுவிட்டு வந்தவன், எட்டு மாதமாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை, குளிக்கச் சொன்னால் அழுகிறான். ராத்திரி முழுக்க போனில் துப்பாக்கி கேம். துபாயில் இருக்கும் மூத்தவன், வெளிநாட்டில் டாக்டர்களே மனநோய்க்கு வீடியோ கேம் எழுதிக் கொடுக்கிறார்கள், நல்ல மெஷினாக வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். எந்த கேம் வாங்கினால் குணமாகும்? (மகளுக்கு வரன் பார்ப்பதால் இவன் திருப்பூரில் வேலை பார்ப்பதாக ஊரில் சொல்லியிருக்கிறோம். பகலில் வெளியே வரமாட்டான். ஊர் அடங்கியதும் கடற்கரைக்குப் போய்விட்டு, வள்ளம் தள்ள ஆள் வருவதற்குள் திரும்பிவிடுவான்.)
— ஒரு தாய், மண்டபம் பக்கம்

பதில்: அம்மா, மூத்தவர் சொன்னது பொய்யில்லை. அமெரிக்காவில் 2020-ல் எண்டெவர்ஆர்எக்ஸ் என்ற கேமுக்கு அரசு அனுமதியே கிடைத்தது. ஆனால் அப்போது கிடைத்த அனுமதி 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் கவனக்குறைவுக் கோளாறுக்கு, டாக்டர் சீட்டோடு, மற்ற சிகிச்சைகளோடு சேர்த்துக் கொடுப்பதற்குத்தான். நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பார்க்ஸ் என்ற கேம், மனச்சோர்வில் இருக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கு வழக்கமான கவுன்சலிங்குக்குக் குறையாத பலன் தந்ததாக 2012-ல் ஆய்வு வந்தது. காரணம் கலரோ சத்தமோ இல்லை. அதன் ஏழு கட்டங்களிலும், மனசு இருண்டு போகும்போது வரும் எண்ணங்களை எப்படிக் கையாளுவது என்ற பாடத்தை, சிகிச்சை தெரிந்தவர்கள் உள்ளே வைத்திருந்தார்கள். துபாய் கடையில் வாங்கும் மெஷினுக்குள் அந்தப் பாடம் இருக்காது. பணத்தை வீணாக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு நகர்ந்துவிட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மகன் திருப்பூரில் இல்லை. உங்கள் வீட்டு உள்ளறையில் இருக்கிறான். கதவைத் திறந்து பகலில் வாசலில் நின்றால் அம்மா பொய் சொன்னவள் ஆகிவிடுவாள், தங்கச்சி கல்யாணம் கெட்டுவிடும் என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் கடற்கரைக்குக்கூட திருடனைப் போல போய் வருகிறான். வெளியே வராமல் போனே கதி என்று கிடக்கிறான் என்கிறீர்களே, அவன் எங்கே வருவான்? சொந்த ஊரில் ஒரு டீக்கடையில் உட்கார முடியாது, கூடப் படித்த ஒருவனிடம் பேச முடியாது. அந்த கேமில் மட்டும்தான் நாலு பேர் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவன் வராவிட்டால் எங்கே என்று கேட்கிறார்கள். நோய் அவனைப் பாதி அடைத்தது, மீதியை அடைத்தது நீங்கள். கோபப்பட்டாலும் பரவாயில்லை.

உங்களுக்கு ஏர்வாடி தூரமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். அத்தனை பேருக்கும் குடும்பம் இருந்திருக்கும், ஊர் என்ன சொல்லுமோ என்ற பயமும் அதில் பல குடும்பங்களுக்கு இருந்திருக்கும். 2017-ல் வந்த மனநலச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்துவிட்டது. வீட்டுக்காரர்கள் சொல்லும் பொய்யை எந்தச் சட்டமும் தடுக்காது, நீங்கள்தான் கழற்ற வேண்டும்.

மகள் கல்யாணம் என்பீர்கள். இப்படி மறைத்து ஒரு சம்பந்தம் அமைந்தால், நாளை புகுந்த வீட்டில் அந்தப் பெண்ணும் ஆயுசுக்கும் இதே பொய்யைச் சொல்ல வேண்டும். தன் பெயரைச் சொல்லி அண்ணனை ஒளித்து வைக்க அவள் சம்மதித்தாளா, கேட்டீர்களா? அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் பார்க்கிறோம் என்று பெண் பார்க்க வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும், அந்த வீட்டில் யாருக்காவது நோய் வந்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்று இப்போதே தெரிந்துவிடும்.

போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் பேச்சுத்துணையும் போய்விடும். கேம் அடிமைத்தனம் ஒரு நோய் என்று உலக சுகாதார நிறுவனமே வகைப்படுத்தியிருக்கிறது, உண்மைதான். ஆனால் இவனுக்கு இருப்பது அதுவா, மனச்சோர்வா, வேறா என்று சொல்ல வேண்டியது டாக்டர், நீங்களோ நானோ இல்லை. மூத்தவருக்குத் தம்பி மேல் அக்கறை இருந்தால் அதே கேமைத் தன் போனில் போட்டு, அவனோடு ஒரே அணியில் ஆடட்டும். நமக்கு ராத்திரி 12 என்றால் துபாயில் பத்தரைதான், வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஒதுக்கலாம். அண்ணன் செய்ய வேண்டியது அது, பார்சல் இல்லை.

அப்புறம், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். நோயாளி பற்றிய விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று அதே மனநலச் சட்டம் சொல்கிறது. தூக்கம், சாப்பாடு, எத்தனை மணி நேரம் கேம், எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள், திருப்பூர் கதையையும் சேர்த்து. வரமாட்டேன் என்று அவன் அடம்பிடித்தால் நீங்கள் 14416-க்குப் பேசுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள். சாகலாம் போலிருக்கிறது என்ற மாதிரி ஒரு வார்த்தை அவன் வாயில் வந்தால் ஓ.பி. நேரம் பார்க்காதீர்கள், தனியாக விடாதீர்கள், அந்த நிமிஷமே கூட்டிக்கொண்டு போங்கள்.

இல்லையென்றால் திங்கட்கிழமை காலை பஸ்ஸிலேயே போகலாம். அதற்கு முன்னால், இன்றைக்கே, பக்கத்து வீட்டில் போய் மகன் வீட்டில்தான் இருக்கிறான் என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். சொன்னதை அவனிடமும் சொல்லுங்கள்.