ஆங்கிலப் பாணி பைப் புகையிலை என்றால் என்ன? அதில் என்னென்ன வகை?

வெர்ஜீனியா, ஓரியண்டல், லட்டாக்கியா ஆகிய மூன்று இலைகளைக் கலந்து, மேலே பழச்சாறோ வெனிலாவோ தெளிக்காமல் விடுவதுதான் ஆங்கிலக் கலவை. பிரிட்டனில் புகையிலையோடு பிற பொருள் சேர்ப்பதைச் சட்டம் நெடுங்காலம் கட்டுப்படுத்தியது. மணம் முழுவதும் இலையிலிருந்தே வந்தாக வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது லட்டாக்கியா. பெயர் சிரியத் துறைமுகத்தினுடையது. இலை இன்று பெரும்பாலும் சைப்ரஸிலிருந்து வருகிறது. காய்ந்த இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு, கீழே மணமுள்ள கட்டைகளையும் புதர்ச்செடிகளையும் வாரக்கணக்கில் புகைய விடுவார்கள். இலை கன்னங்கரேலென்று ஆகி, அணைந்த விறகடுப்பின் வாடை ஏறிவிடும்.

பாணியைத் தீர்மானிப்பது விகிதம். காபித்தூளில் சிக்கரி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். லட்டாக்கியா 10–15% இருந்தால் மென்மையான ஆங்கிலக் கலவை. 35–40% தொட்டால் கனமானது. பாதிக்கு மேல் போனால் மற்ற இலைகள் அடங்கிவிடும், ஒரே புகைவாடைதான். புளிப்பும் மூலிகை மணமும் உள்ள ஓரியண்டல் ஓங்கினால் பால்கன் கலவை. ஆவியில் பதப்படுத்திய, வாசனை சேர்க்காத கறுப்பு கேவண்டிஷ் புகையிலை சேர்ந்தால் ஸ்காட்டிஷ் கலவை என்பார்கள். எல்லைகள் கறாரானவை அல்ல. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்.

லட்டாக்கியா வாடை பைப் கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த கலவையையும் கெடுக்கும். தனி பைப் வைப்பதே வழக்கம்.

கறுப்பாக, காட்டமாக மணப்பதால் நிகோட்டின் அதிகம் என்று பலர் நினைப்பது தவறு: லட்டாக்கியாவில் அது குறைவுதான், ஆனால் அதனால் புகையின் கேடு குறைந்துவிடாது.