பி.எட். முடித்தவருக்கு ஏற்ற நாடகப் படிப்பு

வணக்கம். பி.எட். முடித்துள்ள தாங்கள், வகுப்பறையில் நாடகத்தின் வழியே கற்பிக்க விரும்புவதாகவும், அதற்குத் தில்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் பட்டயத்துக்கு முயலலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மேடைக் கலைஞர்களை உருவாக்கும் அப்படிப்பைவிட, அதே பள்ளி திரிபுராவின் தலைநகர் அகர்தலாவில் கல்விசார் அரங்குக்கென நடத்திவரும் ஓராண்டு உறைவிடப் படிப்பே தங்களுக்குப் பொருந்தும் என்று உறுதியாகக் கருதுகிறேன். கல்விசார் அரங்கு என்பது பிள்ளைகளை வசனம் ஒப்பிக்கச் செய்வதன்று, ஒரு மாணவரைச் சிலப்பதிகாரத்துப் பாண்டியனாக நாற்காலியில் அமர்த்தி, "தீர விசாரிக்காமல் ஏன் தண்டித்தீர்?" என்று மற்றவர்களைக் கேட்கச் செய்தால், விடை தேடி அவர்களே வழக்குரை காதையை வரிவரியாகப் புரட்டுவார்கள் (இதற்கு ஒப்பனையோ மேடையோ வேண்டியதில்லை). தமிழ்ச் சூழலை விட்டு விலக மனமில்லையெனில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடக முதுகலை உள்ளது. அகர்தலாவைத் தேர்ந்தால், இவ்வாண்டுச் சேர்க்கை அறிவிப்பைப் பார்த்துவிட்டு, இந்தியில் பேசப் பழகத் தொடங்குங்கள்.