தொட்டியில் புழு: மருந்து ஊற்றுவதற்கு முன் உற்றுப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் 2 அடி மீன் தொட்டி இருக்கிறது, கப்பியும் மோலியும் வளர்க்கிறோம். கொஞ்ச நாளாகக் கண்ணாடியில் வெள்ளை நூல் மாதிரி புழுக்கள் தெரிகின்றன. கூழாங்கல்லைக் கிளறினால் இன்னும் நிறைய நெளிந்து மேலே வருகின்றன. கடையில் மெத்திலீன் புளூ கொடுத்தார்கள். மகன் தொட்டியை மொத்தமாகக் காலி செய்து கழுவிவிடலாம் என்கிறான். எது சரி? எங்களுக்கு ஏதாவது ஆபத்து உண்டா?
- வாசகி, திருச்சி

பதில்: இரண்டுமே வேண்டாம். மெத்திலீன் புளூ பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுப்பது, இந்தப் புழுக்களுக்கு மருந்தே இல்லை. தொட்டியை முழுக்கக் கழுவுவது அதைவிட மோசம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கற்களிலும்தான் ஒட்டி வாழ்கின்றன, எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டால் அவை போய்விடும், புழு சாகிறதோ இல்லையோ அடுத்த சில நாட்களில் மீன்கள் சாக ஆரம்பிக்கும்.

முதலில் அது என்ன புழு என்று பாருங்கள். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. ஊசி இல்லாத சிரிஞ்சால் ஒன்றை உறிஞ்சி, வெள்ளைத் தட்டில் துளி தண்ணீரோடு விட்டு, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது எப்படி நகர்கிறது என்பதுதான் முக்கியம்.

முடி போல மெல்லியதாக, உருளையாக, தண்ணீரில் விட்டால் வளைந்து வளைந்து நெளிந்தால் அது மண்புழுவின் தூரத்து உறவு. மிச்சத் தீனியையும் அழுகிய இலையையும் தின்று வாழ்வது. மீனை ஒன்றும் செய்யாது, மீன்களே பிடித்துத் தின்னும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அனேகமாக இதுதான். இது எல்லாத் தொட்டியிலும் கொஞ்சம் இருக்கும், கண்ணில் படுகிற அளவுக்குப் பெருகியிருக்கிறது என்றால் தீனி அதிகமாக விழுகிறது என்று அர்த்தம். கல்லை விட்டு மேலே ஏறி வருவதற்குப் பெரும்பாலும் அடியில் ஆக்சிஜன் குறைந்ததுதான் காரணம். மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா என்று கவனியுங்கள். அப்படியென்றால் காற்று பம்ப்பை உடனே கூட்டுங்கள்.

அதுவே தட்டையாக இருந்து, நெளியாமல் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போனால், தலை அம்பு முனை மாதிரி முக்கோணமாக, மேலே இரண்டு கண் புள்ளிகளோடு இருந்தால், அது பிளானேரியா. பெரிய மீனுக்குப் பயமில்லை, இறால் குஞ்சுகளையும் மீன் முட்டைகளையும் தின்றுவிடும். இதை பிளேடால் சுரண்டி எடுக்காதீர்கள், வெட்டுப்பட்ட துண்டு ஒவ்வொன்றும் முழுப் புழுவாக வளரக்கூடியது. சின்னப் புட்டியில் துளை போட்டு உள்ளே ஒரு துண்டு இறைச்சி வைத்து ராத்திரி தொட்டியில் இறக்கினால் காலையில் நிறைய மாட்டியிருக்கும். இதற்கென்று விற்கிற மருந்துகளில் சில நம் பாக்கிலிருந்து எடுத்த சாற்றில் செய்தவைதான். அதற்காக வீட்டுப் பாக்கை இடித்துப் போட்டுவிடாதீர்கள், அளவு தெரியாமல் போட்டால் நத்தைகளும் சாகும், மீனும் சாகும்.

உங்கள் தொட்டிக்கு மருந்து தேவையில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஓரிரு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு தீனி போதும். வாரம் ஒருமுறை கற்களின் அடியிலிருந்து குழாய் வைத்து அழுக்கை இழுத்து, கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள், புதுத் தண்ணீரின் குளோரினை நீக்கிய பிறகு ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சை, வெளியே எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள். சில வாரங்களில் புழு குறைந்துவிடும்.

இந்தப் புழுக்கள் மனிதர்களைத் தொற்றாது. ஆனால் குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள், கையில் காயம் இருக்கும்போது தொட்டிக்குள் கை விடாதீர்கள். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி மீன் தொட்டித் தண்ணீரிலிருந்து தோலில் தொற்றக்கூடியது, ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

கேள்வி: என் கப்பியின் பின்பக்கத்தில் சிவப்பாக ஏதோ தொங்குகிறது. மீன் இளைத்துக்கொண்டே வருகிறது. இதுவும் தண்ணீர்ப் புழுதானா?
- வாசகர், மதுரை

பதில்: இல்லை, இதை நீங்கள் சும்மா விடக்கூடாது. மலம் என்றால் நீளமாக இழுபட்டு அறுந்து விழும். மீன் அசையாமல் நிற்கும்போது ஆசனவாயிலிருந்து குட்டையான சிவப்பு இழைகள் சில நீட்டிக்கொண்டிருந்து, மீன் நீந்தும்போது உள்ளே போனால் அது கமலானஸ். குடலைக் கடித்து ரத்தம் குடிக்கும் புழு. கப்பி, மோலி, பிளாட்டி மாதிரி குட்டி போடுகிற மீன்களில் இதை அதிகம் பார்க்கலாம், ஒரு மீனில் தெரிந்தால் தொட்டி முழுக்க இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு லெவமிசோல் நன்றாக வேலை செய்யும். ஆடு மாடுகளுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் அதே மருந்து. உங்கள் தொட்டி எத்தனை லிட்டர் என்று சொல்லி, கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுப் போடுங்கள். மருந்து போட்டதும் விளக்கை அணைத்து வையுங்கள், வெளிச்சத்தில் அதன் வீரியம் குறையும். அது புழுவை மரத்துப்போகச் செய்கிறது, சாகடிப்பதில்லை, மீன் அதை வெளியே தள்ளியதும் மறுநாளே அடியைச் சுத்தமாக உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு முறை போடாவிட்டால் மிச்சமிருக்கும் இளம் புழுக்கள் திரும்பப் பெருகும்.

கேள்வி: கொளத்தூர் மீன் சந்தையில் உயிரோடு விற்கிற டியூபிஃபெக்ஸ் புழுவை மீனுக்குத் தீனியாகப் போடலாமா?
- வாசகர், சென்னை

பதில்: மீன்கள் ஆசையாகத் தின்னும், எனக்கு அதில் விருப்பம் இல்லை. அந்தப் புழு வளர்வதே கழிவு கலந்த சேற்றில்தான், கிருமியையும் சேர்த்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். மிச்சமானவை கல்லுக்குள் புகுந்து அங்கேயே குடியிருக்கும். உறைய வைத்த ரத்தப்புழு (மீன் தீனிக்கென்றே விற்கிற சிவப்புப் பூச்சிப் புழு) வாங்கிப் போடுங்கள், அதுவும் வாரத்தில் ஓரிரு முறை.