பயணக் கேள்வி பதில்: பாங்காக்கைப் படகிலிருந்து பாருங்கள்

கேள்வி: நானும் நண்பனும் முதுகில் ஆளுக்கொரு பையோடு ஐந்து நாள் பாங்காக் போகிறோம். போக்குவரத்து நெரிசலிலேயே பாதி நாள் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். எங்கே தங்கி, எப்படிச் சுற்றுவது?
- கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: அவர்கள் சொன்னது உண்மைதான். முதல் நாள் மாலை சுகும்வித் சாலையில் டாக்ஸிக்குள் உட்கார்ந்து, வண்டி நகராமல் மீட்டர் மட்டும் ஏறுவதைப் பார்த்தேன், மறுநாளே படகுக்கு மாறிவிட்டேன், அதற்கப்புறம் அந்த ஊரே எனக்கு வேறாகத் தெரிந்தது. 1782இல் முதலாம் ராமா மன்னர் தலைநகரைச் சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து வெகுகாலம் அங்கே வாய்க்கால்கள்தான் தெருக்கள். பலவற்றைத் தூர்த்துச் சாலை போட்டுவிட்டார்கள், ஆனால் மிச்சமிருப்பவை இன்றும் ஊர்க்காரர்களை வேலைக்குக் கொண்டுபோகின்றன.

பையோடு வருகிறவர்கள் வழக்கமாக இறங்கும் இடம் காவோ சான் ரோடு. பெயருக்கு அரிசி என்று பொருள், முன்பு அரிசி வியாபாரம் நடந்த தெரு. ராத்திரி முழுக்கப் பாட்டுச் சத்தம் இருக்கும், தூக்கம் வேண்டுமென்றால் பக்கத்து வாய்க்காலைத் தாண்டி சாம்சென் பக்கம் தங்குங்கள். அங்கிருந்து பிரா ஆதித் படகுத்துறைக்கு நடந்தே போகலாம். துறையில் சுற்றுலாப் படகுக்குத்தான் முதலில் கூப்பிடுவார்கள். நீங்கள் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகுக்குக் காத்திருங்கள், அதுதான் சாதாரண ஜனங்கள் போகும் படகு, கட்டணமும் குறைவு. தா தியென் துறையில் இறங்கினால் வாட் போ கோவில், 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர். அங்கிருந்தே இக்கரை அக்கரை போகும் சின்னப் படகில் ஏறினால் எதிரே வாட் அருண் கோவில். அதே ஆரஞ்சுக் கொடிப் படகில் தெற்கே சாதோர்ன் துறை வரை போனால், வெளியே வந்ததும் மேம்பால ரயில் நிலையம்.

சேன் சேப் வாய்க்கால் படகை மட்டும் விட்டுவிடாதீர்கள். பொன்மலைக் கோவில் பக்கத்தில் பான்ஃபா துறையில் தொடங்கி ஊரைக் கிழக்காகக் கிழித்துக்கொண்டு போகிறது. தண்ணீர் கறுப்பு, வாடையும் உண்டு. படகு வேகமெடுத்தால் தண்ணீர் தெறிக்கும், ஓரத்தில் இருப்பவர்கள் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை ஏற்றிப் பிடிக்க வேண்டும், பழக்கமில்லாத நானும் இழுத்தேன். டிக்கெட் கொடுப்பவர் தலையில் ஹெல்மெட்டோடு, ஓடும் படகின் வெளி விளிம்பிலேயே நடந்து வருவார். வீடுகளின் பின்பக்கம், காயும் துணி, தொட்டிச் செடி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் போகும். எந்த மாலிலும் இதைப் பார்க்க முடியாது.

கேள்வி: பாங்காக்கில் திருவெம்பாவை பாடுகிறார்களாமே, நிஜமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: நிஜம்தான் அம்மா. பான்ஃபா துறையிலிருந்து நடக்கிற தூரத்தில், சிவப்பு வண்ணத்தில் இரண்டு பெரிய தேக்குக் கம்பங்கள் நிற்கும், அது பெரிய ஊஞ்சல். பக்கத்தில் தேவஸ்தான் என்ற கோவில், 1784இல் கட்டியது, அரண்மனைப் பிராமணர்களுடையது. திரியெம்பாவாய், திரிபாவாய் என்று அவர்கள் நடத்தும் சடங்கின் பெயர்கள் நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். உச்சரிப்பு காலப்போக்கில் நன்றாக மாறிவிட்டது, நமக்குச் சட்டென்று பிடிபடாது. முன்பெல்லாம் இந்த விழாவில் அந்த ஊஞ்சலில் உயரே ஆடி, கம்பத்தில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்களாம். 1935க்குப் பிறகு ஊஞ்சலாட்டம் இல்லை.

நான் போனது மார்கழியில் இல்லை, பாட்டும் கேட்கவில்லை. ஆனாலும் அந்த வாசலில் நின்று, மாணிக்கவாசகரின் வார்த்தை இத்தனை கடல் தாண்டி வந்து ஒரு ராஜ சபைச் சடங்கில் ஒட்டிக்கொண்டதை நினைத்தபோது நெஞ்சு நிறைந்துபோனது. அப்படியே சீலோம் சாலை மாரியம்மன் கோவிலுக்கும் போய் வாருங்கள், 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. ஊர்க்காரர்கள் வாட் கேக் என்பார்கள். தாய்லாந்துப் பெண்கள் பூமாலையோடு வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம்.

கேள்வி: சைவம் மட்டுமே சாப்பிடுவேன். சமாளிக்க முடியுமா?
- வங்கி ஊழியர், மதுரை

பதில்: முடியும், ஆனால் "மீன் வேண்டாம், இறைச்சி வேண்டாம்" என்று சொல்வது போதாது. வெறும் கீரை வதக்கலில்கூட சிப்பி சாஸ் இருக்கும், பப்பாளிச் சாலட்டில் மீன் சாஸும் உலர்ந்த இறாலும் விழும். "ஜே" என்று சொல்லுங்கள், தாய் மொழியில் சுத்த சைவம் என்று அர்த்தம். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் அந்தச் சொல் எழுதிய கடைகளில் முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. நம் சாப்பாடு வேண்டுமென்றால் பாஹுராத் பகுதி. மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் தாராளமாகச் சாப்பிடலாம், நான் தினமும் சாப்பிட்டேன்.

கேள்வி: தனியாகப் போகிறேன். ஏமாற்றுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார்.
- ஐ.டி. ஊழியர் (பெண்), கோவை

பதில்: அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: பெண்களுக்கென்றே தனி டார்மிட்டரி உள்ள விடுதிகள் நிறைய இருக்கின்றன. ஏமாற்று வேலையில் முக்கியமானது ஒன்று. பெரிய அரண்மனை வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நன்றாக உடுத்திய ஒருவர், "இன்று மூடியிருக்கிறது, வேறு கோவில் காட்டுகிறேன், டுக்டுக் ஆட்டோவுக்குச் சில்லறைதான் ஆகும்" என்பார். என்னிடமும் சொன்னார், நம்பி நாலடி அவரோடு நடந்தும் விட்டேன். அந்த டுக்டுக் கடைசியில் நகைக்கல் கடையில் போய் நிற்கும். வாசல் வரை நீங்களே நடந்து போய்ப் பாருங்கள். காலை 8.30க்குத் திறக்கிறது, தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

அப்புறம், 2025 மே முதல் தாய்லாந்து போகும் வெளிநாட்டவர் எல்லாரும் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை. விசா விதி அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் போடுவதற்கு முன் தூதரகத்தின் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.