ஜன்னல் உச்சிக்கு ஒரு குட்டைத் திரை: தையல் கேள்வி பதில்

கேள்வி: திரைக்கு மேலே ராடை மறைத்துக்கொண்டு தொங்குமே, வேலன்ஸ், அதற்கு எவ்வளவு துணி எடுக்க வேண்டும்? ராடு 48 அங்குலம், தடிமன் 1 அங்குலம். 14 அங்குலம் தொங்கினால் போதும்.

பதில்: ஜன்னலை அளக்காமல் ராடை அளந்தீர்கள் பாருங்கள், அங்கேயே பாதி வேலை முடிந்தது. கொசுவம் நிறைவாக விழ, ராடைப் போல் இரண்டு மடங்கு அகலம் வேண்டும். அது 96, இரண்டு பக்க ஓர மடிப்புக்கு 4 சேர்த்தால் 100. துணி 44 அங்குலப் பன்னா (அகலம்) என்றால் இரண்டு துண்டு எட்டாது, மூன்று வேண்டும். இணைத்தபின் 130 அங்குலம் வரும். மிஞ்சுவதை வெட்ட வேண்டாம், கொசுவம் இன்னும் அழகாக இருக்கும். இணைப்பும் நட்டநடுவில் விழாது.

உயரத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 14-ஓடு நிறுத்தக் கூடாது. மேலே பின்பக்கம் மடிக்க 3½ (ராடுக்கு மேலே நிற்கும் ஃப்ரில்லுக்கு 1, ராடு நுழைய 2, உள்மடிப்பு ½), கீழ் ஓரத்துக்கு 2½. ஆக 20 அங்குலம். மூன்று துண்டுக்கு 60 அங்குலம், ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சுருங்குவதையும் யோசித்து ஒன்றே முக்கால் மீட்டராக வாங்குங்கள்.

கேள்வி: 1 அங்குல ராடுக்கு ஒன்றரை அங்குலம் விட்டுத் தைத்தேன். நுழையவே மாட்டேன் என்கிறது!

பதில்: உருண்டை ராடின் சுற்றளவு மூன்று அங்குலத்துக்கு மேல். அதில் பாதியே ஒன்றரையைத் தாண்டிவிடும், எப்படி நுழையும்? முழுவதையும் பிரிக்க வேண்டாம். மேலே ஃப்ரில் விட்டிருந்தால் மேல் தையலை மட்டும் பிரித்து, அரை அங்குலம் தள்ளி மேலே தையுங்கள். ஃப்ரில் கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதான்.

கேள்வி: லைனிங் அவசியமா?

பதில்: வெயில் நேராக அடிக்கிற ஜன்னல் என்றால் அவசியம். இல்லாவிட்டால் உள்மடிப்பும் பிசிறும் நிழலாகத் தெரியும், சாயமும் சீக்கிரம் வெளுக்கும். ஆனால் இரண்டு துணியையும் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கத்தரியைத் தொடுங்கள். ஒருமுறை சோம்பேறித்தனத்தில் பருத்தியை நனைக்காமலே பாலியஸ்டர் லைனிங்கோடு தைத்தேன். முதல் சலவையில் முன்துணி சுருங்க, லைனிங் உள்பாவாடை மாதிரி கீழே எட்டிப் பார்த்தது.

கேள்வி: மெல்லிய வலைத்துணியில் ஓரம் அடித்தால் சுருங்கிச் சுருங்கி வருகிறது.

பதில்: 11-ஆம் எண் ஊசி போடுங்கள், நூல் இறுக்கத்தைத் தளர்த்துங்கள். அப்புறமும் சுருங்கினால் அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள்.

கேள்வி: மெஷின் இல்லை. கையால் முடியுமா?

பதில்: தாராளமாக. கீழ் ஓரத்துக்கு ஹெம்மிங் போதும். ராடு நுழையும் இடத்தை மட்டும் ஓட்டுத்தையலில் விடாதீர்கள்; ஒவ்வொரு முறை ராடைச் செருகும்போதும் இழுபடும் இடம் அது. பின்தையல் போடுங்கள், இரண்டு முனையிலும் இரட்டையாக.